உளுந்து மிதித்த கார்

என் புருஷனுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கார் ஓட்ட வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த கார். அதுவரைக்கும் அவர் ஓட்டியது டிராக்டரும் பைக்கும். காரையும் டிராக்டர் மாதிரிதான் ஓட்டுவார். பள்ளம் வந்தால் பிரேக் பிடிக்க மாட்டார், வண்டிதான் பள்ளத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் காரில் நாங்கள் தரங்கம்பாடிக்குப் போன கதையைக் கேட்டு எங்கள் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர் சொல்லும் விதம் அப்படி. எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அப்போது என் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அதனால் இந்தத் தடவை அவள் இருமினால்கூட நான் எழுந்து உட்கார்ந்தேன். பாத்ரூமில் தண்ணீர் சத்தம் நின்றால் கதவைத் தட்டினேன். சம்பந்தியம்மா வேறு அனுப்பும்போதே, ஆறு தாண்ட வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் ஆறு தாண்டாமல் மருந்துக் கடைக்குக்கூடப் போக முடியாது, உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதற்கே வெண்ணாற்றைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றேன். அந்தம்மா பார்த்த பார்வை போதும். ஏதாவது ஆனால் நீதான் என்று அர்த்தம்.

சித்திரை பிறந்த அன்று என் மகள் கடல் பார்க்க வேண்டும் என்றாள். வீட்டுக்குள்ளேயே கிடந்து மூச்சு முட்டுகிறது என்றாள். நான் முடியாது என்றேன். அவள் அப்பா சரி என்றுவிட்டார். பெண் கேட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது. நான் கேட்டால் மட்டும் நன்றாகத் தெரியும்.

பாபநாசம், கும்பகோணம் தாண்டும் வரைக்கும் பாலம் பாலமாக வந்தது. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலும் காட்டாமணக்கும்தான். இருந்தாலும் ஒவ்வொரு பாலத்திலும் நான் பின்னால் திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் இடது பக்கம் சாய்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தாள்.

மாயவரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். களத்துக்குக் கொண்டுபோய் அடிக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் பறித்த செடியை ரோட்டில் போட்டுவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரத்தில் நெற்று உடைந்து உளுந்து உதிரும். வெளியூர்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். எங்கள் ஆட்கள் ஒதுங்க மாட்டார்கள். அடுத்தவன் விளைச்சலை ஒதுக்கிப் போவது மரியாதை இல்லை. ஏறி மிதித்துத்தான் போவார்கள்.

இவர் மிதித்ததோடு நிற்கவில்லை. ஓரத்தில் நின்ற பெண் கையெடுத்துக் கும்பிட்டதும் இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வண்டியை ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தடவை மிதித்தார். மறுபடியும் முன்னால் போனார். மறுபடியும் பின்னால் வந்தார். அடியில் சரசரவென்று செடி உரசும் சத்தம் கேட்டது. புள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு இதென்ன வேலை என்றேன்.

"ஒரு மூட்டை உளுந்து அடிக்கிறதுக்கு என்ன பாடு படணும்னு உனக்குத் தெரியாதா? சும்மா வா."

எனக்குத் தெரியும். நானும் அடித்தவள்தான். ஆனால் அன்றைக்கு என் காரியம் உளுந்து இல்லை.

தரங்கம்பாடிக்குள் நுழையும்போது நான்கு மணி இருக்கும். பழைய கோட்டை வாசலுக்குள் கார் நுழைந்ததுமே கூட்டம் மறித்தது. லீவு நாள். ஊரே தெருவில் இருந்தது. வேன் வேனாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சுமிட்டாய், பலூன், மசாலா தடவிய மீனை வரிசையாக அடுக்கிய வண்டிகள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஸ்பீக்கர். பைக்கில் மூன்று மூன்று பேராக வந்த பையன்கள் காரின் மேல் கையால் தட்டிக்கொண்டு போனார்கள். என் மகள் கண்ணாடியை இறக்கிக் காற்றை இழுத்து மூச்சு விட்டாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் அந்தக் கூட்டத்தில் யார் இவள் வயிற்றில் இடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. வெயில் தாழட்டும், ஏசி ஓடட்டும், கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றாள். அவளை நடக்க வைப்பதற்கு முன்னால் சுத்தமான கழிப்பறை எங்கே என்று பார்க்க நான் இறங்கினேன். அவர் ஒரு மதிலை ஒட்டிக் காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். மகள் உள்ளே பூட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கருகல் வாடை அடித்தது. மீன் வண்டியில் எதையோ தீய விடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு எட்டு வைத்ததும் அது மீன் இல்லை என்று தெரிந்தது. செடி எரிகிற வாடை. அறுத்த வயலில் தீ வைத்தால் வருமே, அந்த வாடை. பிறந்ததிலிருந்து மோந்த வாடை எனக்குத் தப்பாது.

எங்கள் காருக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அடிப்பாகத்தில் சுற்றிக்கொண்ட உளுந்துச் செடி சைலன்சர் சூட்டில் பற்றிக்கொண்டது. அப்போது அது எனக்குப் புரியவில்லை. புகைக்கு மேலே கண்ணாடிக்குள் என் மகள் தலை சாய்ந்து தூங்குவதுதான் தெரிந்தது.

காரின் இடது பக்கம் மதில். வலது பக்கம், நாங்கள் போன பிறகு வந்த ஒரு வேன் ஒட்டி நின்றது. ஆள் இல்லாத வேன். இரண்டுக்கும் நடுவில் என் கைதான் நுழைந்தது. பின் கண்ணாடியை அறைந்தேன். அவள் விழித்து, என்னைப் பார்த்து, புகையைப் பார்த்தாள். கதவைத் தள்ளினாள். கதவு வேனில் இடித்து நின்றது. அந்த இடைவெளியில் அவள் கை வெளியே வந்தது. வயிறு வராது.

அவள் கத்தவில்லை. "அம்மா, தொறக்க முடியலம்மா" என்றாள், சின்ன வயதில் டப்பா மூடியைக் கொண்டுவந்து நீட்டுவாளே அந்தக் குரலில். நான்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பின்னால் ஓடினார்கள். ஒருவன் போனில் படம் எடுத்தான். டேங்க் வெடிக்கும், தள்ளிப் போங்கள் என்று எவனோ கூவினான். அவன் முகம் இன்றைக்குக் கண்ணில் பட்டாலும் அறைவேன்.

மீன் பொரித்துக்கொண்டிருந்த பெண் அடுப்பை விட்டுவிட்டு வந்து, இரண்டு கையாலும் மணலை வாரிக் காருக்கு அடியில் வீசினாள். தண்ணீர் கொண்டுவந்தவனை, மண்ணைப் போடுடா என்று விரட்டினாள். அவள் குரல் கொடுத்ததும் கரைப்பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் பிறக்கப்போகிறது என்று படகையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பின்பக்கம் வரிசையாகக் குனிந்து, படகுக்குக் கொடுப்பது போலத் தோளைக் கொடுத்தார்கள். ஒருவர் ராகமாகக் குரல் எடுத்தார், மற்றவர்கள் சேர்ந்து பாடினார்கள். ஹேண்ட் பிரேக்கில் இறுகியிருந்த காரின் பின்பாகம் தரையை விட்டு எழும்பியது. முன் சக்கரம் உருள, காரை அப்படியே பின்னால் இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். காலடியில் நெருப்பு இருந்தது. ஒருவரும் கையை எடுக்கவில்லை.

நான் கதவைத் திறந்து மகளை வெளியே இழுத்தேன். மீன்காரப் பெண் அவளை வாங்கித் தன் முக்காலியில் உட்கார வைத்தாள். கூட்டத்தைப் பார்த்து, புள்ளைத்தாச்சிக்குக் காத்து விடுங்க என்றாள்.

என் மகள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அசையலம்மா."

அந்தச் சொல்லைப் போன தடவையும் அவள் இப்படித்தான் சொன்னாள். என் காது அடைத்துப்போனது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. அப்போதுதான் அவர் கையில் டீக் கிளாசோடு வந்து நின்றார். காரையும் அதற்கு அடியில் அணைந்து கிடந்த செடியையும் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை பேசினால் இங்கேயே உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பின்னால் வந்தார்.

மீன்காரப் பெண்ணின் தம்பி ஆட்டோவில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் மகளின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே போனேன். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அசைவது குழந்தையா வண்டியா என்று தெரியாமல் செத்துப் பிழைத்தேன். சம்பந்தியம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். அப்புறம் அதுவும் போய்விட்டது. இந்தப் பெண் இன்னொரு தடவை வெறும் கையோடு வீட்டுக்கு வந்தால் எழுந்திருக்க மாட்டாள், அது மட்டும்தான் இருந்தது.

நர்ஸ் சின்ன வயதுப் பெண். நிதானமாக ஜெல்லைத் தடவி, கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். கரகர என்று ஏதோ கேட்டது. வேறு இடத்தில் வைத்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் கீழே கொண்டுபோனாள். சீக்கிரம் பார்க்கக் கூடாதா என்றேன். என்னை வெளியே போகச் சொன்னாள். போகவில்லை.

பிறகு கேட்டது. டக்டக்டக்டக் என்று, யாரோ துரத்த ஓடுகிற வேகத்தில்.

"இதாங்க உங்க பேரப்புள்ள. நல்லாத்தான் இருக்கு. நீங்க முதல்ல உக்காருங்க."

உட்கார நாற்காலி இல்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டார். வந்து கேளுங்கள் என்றேன். கருவியை எடுக்கப்போன நர்ஸிடம், இன்னும் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னேன்.