பாட்டு நின்றால் மெயினை அணை

அவர் முப்பத்தாறு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக நான் போனபோது மகளின் பெயர் அவருக்கு மறந்திருந்தது. ஸ்பேனர் அளவுகள் மறக்கவில்லை. குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "உள்ள தண்ணி நிக்குது, நான் இறங்க மாட்டேன்" என்பார். லிப்டின் அடிக்குழியைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே பத்து நாள் ஆயிற்று.

நினைவு போனவர்களின் வீட்டில் நான் முதலில் கேட்பது, பிடித்த பாட்டு எது என்பதுதான். மருந்துச் சீட்டு அப்புறம். மகள் யோசிக்காமல் போனில் ஒரு பழைய படப் பாட்டைப் போட்டாள். அவர் குளிக்கத் தானாகவே சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"இது அப்பாவுக்கும் கொக்கு மாமாவுக்கும் உள்ள பாட்டு சிஸ்டர்" என்றாள்.

கொக்கு, அவருடைய ஜோடி மெக்கானிக். ஒல்லியான ஆள் என்பதால் அடிக்குழியில் இறங்குவது எப்போதும் கொக்குதான். இவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். கைபேசி இல்லாத காலம். கீழே இருப்பவர் பாடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பாட்டு மேலே கேட்கிறவரை ஆள் நலம். நடுவில் நின்றால் மறுபேச்சில்லாமல் மெயினை அணைக்க வேண்டும். இவர்களே போட்டுக்கொண்ட சட்டம் இது. ஒருமுறை கொக்குக்குத் தும்மல் வந்து பாட்டு நின்றது. இவர் அணைத்துவிட, பக்கத்து லிப்டில் மேனேஜர் முக்கால் மணி நேரம் தொங்கினாராம்.

"தும்மறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடான்னு அப்பா ஒரே திட்டு" என்று மகள் சிரித்தாள்.

கொக்கு எட்டு வருடத்துக்கு முன்பு சர்க்கரை முற்றி இறந்துவிட்டார். இவருக்கு அது நினைவில்லை.

மகளுக்கு டெலிவிஷன் கம்பெனியில் வேலை. சீரியலில் எந்தக் காட்சிக்கு எந்தப் பழைய பாட்டு என்று பார்த்துக் கொடுப்பவள். புது சீரியலில் கதாநாயகியின் அப்பா பாடிக்கொண்டே படியிறங்கும் காட்சி வந்தது.

"எங்கப்பா பாட்டையே குடுத்துட்டேன் சிஸ்டர். எல்லாரும் கேக்கட்டும்!"

ஏழரை மணிக்கு மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு வந்ததும் அவர் தொடையில் தாளம் போட்டார். மகளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. இரண்டாம் சரணத்தின் பாதியில், ஒரு சொல் முடியும் முன்பே, கத்தரித்தாற்போல் பாட்டு நின்றது. திரையில் அந்த அப்பா படியில் உருண்டு கிடந்தார்.

இவர் எழுந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது, நான் பிடிப்பதற்குள் வாசலைத் தாண்டி மொட்டைமாடிப் படியில் ஏறினார். மூன்றாம் படியில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. விழுந்த இடத்திலிருந்தே, "மெயினை அணைங்கடா!" என்று கத்தினார்.

எங்கள் டிவியை அணைத்தால் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அந்தக் காட்சி பிரபலமாகிவிட்டது. கதாநாயகிக்கு அப்பா ஞாபகம் தினமும் வந்தது. அதே பாட்டு, அதே வெட்டு. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாவற்றிலும் கேட்டது. ஜன்னலைச் சாத்தினாலும் சுவர் வழியாக வந்தது. குளியலுக்கும் அந்தப் பாட்டு உதவாமல் போயிற்று. நான் முழுசாகப் போட்டாலும், எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

மகள் டைரக்டரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அந்த நிறுத்தற இடம்தாங்க ஹிட்டு. அப்பா காதுல பஞ்சு வெச்சுப் பாருங்களேன்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதாள். "நானே தூக்கிக் குடுத்தேன் சிஸ்டர்."

"அழுதா வேலைக்காகாது. ஒரு நல்ல டார்ச் வாங்கிட்டு வாம்மா" என்றேன்.

அவரைக் கட்டிப்போட நான் சம்மதிக்க மாட்டேன். எனவே அணைக்கவே விடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள்ளேயே கூடத்தில் மெயின் இருக்கிறது. ஏழே முக்காலுக்கு அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். மேல் வீட்டு டிவியில் பாட்டு வந்தது. பாட்டு நின்றது. அவர் இடது கையால் சுவிட்சை இறக்கினார். வீடு இருண்டது. அவர் விழவில்லை. அதோடு தீர்ந்தது என்று நினைத்தது என் தப்பு. அணைத்த பிறகு மெக்கானிக் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா?

"கொக்கு! டேய், கொக்கு! கை கால் சரியா இருக்கா?"

முதல் நாள் மகள் அடுத்த அறையிலிருந்து குரலைத் தடிப்பாக்கி, "இருக்கேன்டா, மேல வர்றேன்" என்றாள்.

அவர் அந்த அறைப் பக்கம் திரும்பினார். "யாரு நீ? அவன் எங்க?" என்றார்.

மறுநாள் நான் உண்மையைச் சொன்னேன். "அண்ணா, அவர் தவறிப்போய் எட்டு வருஷம் ஆச்சு."

"நான் அணைச்சேனே சிஸ்டர்! லேட்டா அணைச்சிட்டேனா?"

அன்று அவர் சாப்பிடவில்லை. அதை நான் மறுபடி சொல்லவுமில்லை.

இப்போது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவர் கூப்பிடுகிறார். மகள் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நேற்று நாற்பது நிமிடம். கால் நடுங்கியதும் நாற்காலியில் உட்கார்த்தினேன். சுவிட்சைப் போட மகள் கையை நீட்டினாள்.

"தொடாதே! கீழ ஆள் இருக்கான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தேன்.