கோதண்டம் அண்ணனும் என் வண்டிச் செயினும்

மெக்கானிக் கோதண்டம் அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, பிள்ளையார்பாளையத்தில், அவர் வீட்டிலேயே.

வாட்ஸ்அப்பில் வந்ததை நான் நம்பவில்லை. மாலை போட்ட அந்தப் போட்டோகூட ஏதோ பழைய கல்யாணத்தில் எடுத்ததாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான்... சரி, உண்மைதான்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. பிறவிக் குணம். அதனால் ஒரு நல்ல மனிதரைப் புண்படுத்தியிருக்கிறேன். இன்றைக்காவது அதை எழுதிவிட வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை எனக்கு. பாதிப் பயணம் பாலாற்று மணலில், மீதி ஏரிக்கரையில்.

புக் பண்ணி, வருஷக்கணக்கில் காத்திருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். சீட்டின் பிளாஸ்டிக் கவரைக்கூடக் கிழிக்க மனசு வராமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வாரமே முசரவாக்கம் போகும் வழியில் மட்கார்டுக்குள் சேறு அடைத்து, முன்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. குச்சியால் கொஞ்சம் சேற்றைக் குத்தி எடுத்துவிட்டு, தள்ளிக்கொண்டு கோதண்டம் அண்ணன் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "மட்கார்டத் தூக்கணும். சைலன்சர மேல திருப்பணும். எஞ்சினுக்கு அடியில கனமா ஒரு தகடு போடணும், கல்லு பட்டா கேஸ் ஒடஞ்சிடும். ஏர் ஃபில்டருக்குத் துணி சுத்தணும். செயினையும் பாக்கணும்."

"புது வண்டிணா... எதுக்கு இவ்ளோ?"

"இது ரோட்டுக்குச் செஞ்ச வண்டி தம்பி. நீ இன்னா ரோட்லயா போய்க்கினு இருக்கற?"

நியாயமான பேச்சுதான். ஆனால் என் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடியது. புது வண்டியில் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்கள் என்று எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள்.

அன்று மிச்சச் சேற்றை மட்டும் எடுக்கச் சொல்லி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதை அவரிடம் வேலைக்கு விடுவதற்கு முந்தின நாள், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்துக்கும் சிவப்புப் பெயின்டில் ரகசியமாகப் புள்ளி வைத்தேன். டயர், கார்புரேட்டர், ஒன்றையும் விடவில்லை. செயினில் மட்டும் பெயின்ட் ஒட்டவில்லை. கம்பெனி கிரீஸ் அப்பிக் கிடந்தது.

எங்கள் வீடு பட்டு ஜவுளி வீடு. பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் நெசவாளர்களுக்குக் கொடுப்போம். புடவை நெய்து வந்ததும் மறுபடி எடை. அந்தப் பழக்கத்தில் செயினைக் கழற்றி, அப்பாவின் நூல் தராசில் வைத்து எடை போட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள்... எங்கள் ஊரில் இது யாருக்கும் தோன்றும்.

நாலு நாள் கழித்து வண்டி வந்தது. புள்ளிகள் எல்லாம் அந்தந்த இடத்தில் பத்திரம். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது! ஆனால் செயின் வேறு நிறத்தில் பளபளவென்று இருந்தது. கழற்றித் தராசில் வைத்தேன். எழுபது கிராம் குறைவு.

மாற்றிவிட்டார். தேய்ந்துபோன பழைய செயினைத் துடைத்து என் தலையில் கட்டிவிட்டார். சத்தியமே செய்திருப்பேன்.

நேராகக் கடைக்குப் போனேன். பக்கத்து டீக்கடையில் ஏழெட்டுப் பேர். அவர்கள் காதில் விழட்டும் என்றே கத்தினேன். "என் புதுச் செயின் எங்கணா? திருடிட்டு பழச மாட்டி உட்டா தெரியாதா? எடை போட்டு வெச்சிருக்கேன். என்னாண்ட ஆவாது!"

அண்ணன் திருப்பிக் கத்தவில்லை. உள்ளே போய், கறுப்பாகக் கலங்கிக் கிடந்த மண்ணெண்ணெய்த் தட்டை எடுத்துவந்து காட்டினார்.

"உன் செயின்ல இருந்த கிரீஸு இது. இதோட ஆத்துல எறங்குனா மணலு ஒட்டிக்கினு செயினையே தின்னுடும். அதான் கழுவிட்டு லேசா எண்ணெ உட்டேன். ஏன் தம்பி, பட்டைக் காச்சினா பசை போயி எடை கொறையுது இல்ல? அத மட்டும் ஒத்துக்கறீங்க?"

கச்சாப் பட்டைக் காய்ச்சினால் எடையில் கால்வாசி போய்விடும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் நான் விடவில்லை. "பட்டு வேற, இரும்பு வேற. இது எவன் வண்டி கிரீஸோ, யாரு கண்டா?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் முகம் சுருங்கிப்போய்விட்டது.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது கடை வாசலில் ஒரு புது பெஞ்சு. "வண்டிக்காரரு எதிர்ல உக்காந்தாதான் நட்டுல கை வெப்பேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்ட பிறகு என்னமாய் நடிக்கிறார் பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த வண்டி இரண்டு வருஷம் பாலாற்று மணலில் ஓடியது. அடித்தகடு வாங்கிய அடியெல்லாம் எஞ்சினில் விழுந்திருந்தால்... செயினும் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை.

அது தேய்ந்து வேறு செயின் வாங்கினேன். மாட்டுவதற்கு முன்னால் சும்மா எடை போட்டேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மறுபடி எடை போட்டேன். அதே எழுபது கிராம்தான் குறைந்தது, ஒன்றிரண்டு முன்னே பின்னே.

தராசுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம். அப்புறம் மாற்றல் ஆர்டர் வந்தது, ஊரைவிட்டே போய்விட்டேன். ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது கருட சேவைக் கூட்டத்தில் எதிரே வந்து, "வண்டி எப்டி கீது தம்பி?" என்று அவராகவே கேட்டார். "நல்லா இருக்குதுணா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் நழுவிவிட்டேன்.

காலையிலிருந்து எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். "நம்மை எதிரில் உட்காரவைத்துத்தான் வேலை செய்வார், அப்படி ஒரு நேர்மை." "அந்த பெஞ்சில் உட்காராதவர் ஊரில் உண்டா?" லைக் போடக் கை வரவில்லை.

அந்த பெஞ்சு, நான் அவரைத் திருடன் என்று கத்தியதற்கு மறுவாரம் போட்டது. கடைசிவரைக்கும் அவர் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோதண்டம் அண்ணன் என் செயினை எடுக்கவில்லை. அன்று டீக்கடையில் இருந்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், தயவுசெய்து இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

போய்ட்டு வாங்கணா...