கயிற்றை விடச் சொன்னவள் நான்தான்

போன வருஷம் மாசி மாதம், இலங்கையில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் இருக்கும் வவுணதீவில் நடந்தது இது. நானும் என் கணவரும் திண்டுக்கல்காரர்கள். வெளிநாடு என்று ஒன்றைப் பார்ப்பது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. மொத்தமாகச் சேலை வாங்கி வீட்டில் வைத்து விற்பவள் நான். பேரத்தில் என்னிடம் தப்பித்த கடைக்காரர் குறைவு. விலை படிந்த பிறகு யாராவது "அப்புறம் ஒரு விஷயம் மேடம்" என்று இழுத்தால், அதற்குமேல் அவரைப் பேச விடமாட்டேன். பேக்கிங் கூலி, லாரி வாடகை என்று ஏதாவது ஒன்று பின்னால் வரும். அது வெளியே வருவதற்குள் பேச்சை முடித்துவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்புறம் என் குதிரை ஆசை. கொடைக்கானல் எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் அங்கே குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு இறக்கிவிடுவார். சின்னப்பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றி இறக்குவது போலத்தான். தண்ணீர் ஓரமாக, யாரும் பிடிக்காமல், நான் மட்டும் தனியாகப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று என் கணவர் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

மட்டக்களப்பில் இறங்கியதும் விசாரித்தேன். கடற்கரைப் பக்கத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் டாலரில் விலை சொன்னார்கள். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்த ஆட்டோக்காரர்தான், வவுணதீவில் ஒரு அம்மா குதிரை வைத்திருப்பதாகச் சொல்லி மறுநாள் காலையில் கூட்டிப்போனார்.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல கறுப்பு, ஒல்லி, வேலிக்கம்பு மாதிரி நிமிர்ந்த உடம்பு. அறுவடை முடிந்த வயலோரத்தில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். பழுப்புநிற ஆண் குதிரை. நெற்றி மயிர் கண்வரைக்கும் விழுந்திருந்தது. ஒதுக்கிப் பார்த்தால் கண்ணில் லேசாக நீலம். "எவ்வளவு அழகான கண்ணு பாருங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அவர் சொன்ன விலை ஹோட்டல்காரர்கள் கேட்டதில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? அதிலும் பாதிக்குக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். உடனே, "மறுகா ஒண்டு சொல்லணும் அக்கா" என்று ஆரம்பித்தார். மறுகா என்றால் அப்புறம். வந்துவிட்டது என்று நினைத்தேன். "பேசினது பேசினதுதான்மா, வேற எதுவும் சொல்லக்கூடாது" என்று சிரித்தபடியே வெட்டிவிட்டேன். சேணத்தில் ஏற்றிவிடும்போது மறுபடியும் வாயைத் திறந்தார். "அதான் பேசியாச்சே" என்று கையைக் காட்டினேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார், பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வரப்பைத் தாண்டி வாவிக்கரை வரும்வரை அந்த அம்மா பேச்சை நிறுத்தவே இல்லை. என்னிடம் இல்லை, குதிரையிடம். "வா மனே, மெல்ல வா மனே" என்று ஒரே பேச்சு. மகனே என்பதை அப்படிச் சொல்கிறார்கள். குதிரைக்கு இவ்வளவு கொஞ்சலா என்று முதலில் சிரிப்பு வந்தது. போகப்போக எரிச்சல் வந்தது. காசு கொடுக்கப்போவது நான், அனுபவிக்க விடாமல் இது என்ன நச்சரிப்பு!

வாவி கண்ணாடியாகக் கிடந்தது. தூரத்தில் ஒருவர் தோணியில் வலை எடுத்துக்கொண்டிருந்தார். கரையோரம் முழங்கால் தண்ணீர்தான். என் கணவர் மேட்டில் நின்றுகொண்டு போனில் வீடியோ எடுக்கத் தயாரானார். "அவங்க ஃப்ரேமுக்குள்ள வர்றாங்க, கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்றார்.

நான் சொன்னதை எல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன். கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். "கயித்த விட ஏலா அக்கா" என்றார் அந்த அம்மா. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கயிற்றோடு போவதற்கு எங்கள் ஊர்ப்பக்கமே போயிருப்பேனே, கடல் தாண்டி ஏன் வருகிறேன், முடியாது என்றால் இறங்கிக்கொள்கிறேன் என்று கத்தினேன். காசும் இல்லை என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "பத்து எட்டு நடக்க மட்டும்" என்று கயிற்றைக் கழற்றினார். ஒதுங்கி நின்றும் பேச்சு நிற்கவில்லை, "நேரா வா மனே, நேரா."

"பேசாம இருங்கம்மா, வீடியோவில உங்க குரல் விழுது!"

அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் சொர்க்கம். குதிரை தண்ணீரைச் சளப் சளப்பென்று மிதித்துப் போனது. நான் முதுகை நிமிர்த்தி, கணவரைப் பார்த்துக் கையசைத்தேன். பத்து எட்டு எப்போதோ தாண்டிவிட்டது. கரையோரமாகப் போகாமல் அது வாவிக்குள் போவது எனக்கு உறைக்கவே இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்துத் தோணிக்காரர் எஞ்சினை இழுத்தார். படபடவென்று சத்தம் தண்ணீர் மேல் அறைந்தது. குதிரை உடம்பைத் தூக்கிப்போட்டு முன்னால் பாய்ந்தது.

இரண்டே பாய்ச்சலில் என் இடுப்பு நனைந்தது. மூன்றாவதில் காலுக்குக் கீழே குதிரை மிதப்பது தெரிந்தது. தரை இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. சேலை விற்கிறவளுக்கு நீச்சல் எதற்கு என்று நானே கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். கையில் இருந்த கடிவாள வாரைக் கண்டபடி இழுத்தேன். குதிகாலால் உதைத்தேன். குதிரை ஒரே இடத்தில் வட்டமடித்தது, மூக்கில் தண்ணீர் ஏறிச் சீறியது. நான் போட்ட கூச்சல் அந்தக் கரைவரை கேட்டிருக்கும். இந்தப் பக்கம் என் கணவர் என் பெயரைச் சொல்லி அலறுகிறார்.

அந்த அம்மா கழுத்தளவு தண்ணீரில் நின்று ஏதோ கத்துவது தெரிந்தது. தோணிக்காரர் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் வார்த்தை காதில் விழுந்தது.

"வாயப் பொத்துங்க அக்கா! அவனுக்குக் கண் தெரியா! என்ட சத்தம் கேக்கணும்!"

எதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. நடு வாவியில், பார்வை இல்லாத ஒரு ஜீவன் மேல். எந்தப் பக்கம் கரை என்று அதற்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாதபடி அதன் காதுக்குப் பக்கத்தில் நான் ஊளையிட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாயை மூடுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. அலறல் தானாக வருகிறது. குனிந்து என் முழங்கையைக் கடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் பிடரிமயிரை மட்டும் பிடித்தேன், வாரை விட்டுவிட்டேன். கரையில் என் கணவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த அமைதியில் அந்தக் குரல் மட்டும் வந்தது. கத்தவில்லை. வாசலில் நின்று பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். "கிறுகு மனே... கிறுகு. இஞ்சால வா." திரும்பு என்பதற்கு அங்கே கிறுகு என்கிறார்கள். முதலில் குதிரையின் ஒரு காது திரும்பியது. அப்புறம் இரண்டாவது காது. அப்புறம் மெல்ல, கழுத்தோடு, உடம்போடு அது திரும்பியது. நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. குரலைப் பிடித்துக்கொண்டு அது நீந்தி வந்தது. குளம்பு தரையில் தட்டிய அதிர்ச்சி என் முதுகுத்தண்டில் ஏறியபோதுதான் அழுதேன்.

இறங்கியதும் நன்றி சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் செய்தது வேறு. அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி, குருட்டுக் குதிரையில் ஏற்றி என்னைக் கொல்லப் பார்த்தாயா, போலீசுக்குப் போகிறேன் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் குதிரையின் மூக்கையும் காதையும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தரம் சொல்ல வந்தன் அக்கா. நீங்க காசு கூட்டப் போறன் எண்டு நினைச்சீங்க. எண்டாலும் நான் கயித்த விட்டிருக்கக்கூடா. அது என்ட பிழை."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, என்ன சொல்ல வந்தீர்கள், இப்போது முழுசாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். அவர் வேலை செய்த ஒரு ஹோட்டலில் இருந்த குதிரை அது. பார்வை போனதும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள், இவர் கூட்டிவந்துவிட்டார். கயிறு கையில் இருந்து, தன் குரல் காதில் விழும்வரைக்கும் அது எங்கேயும் பிசகாமல் போகும். ஏற வருகிற எல்லோரிடமும் ஏறுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவாராம். பாதிப்பேர் பயந்து திரும்பிப் போய்விடுவார்கள். "கண் இல்லாத பிள்ளைக்கு முழுக்காசு கேக்க ஏலாதே அக்கா, அதாலதான் குறைச்சுச் சொன்னன்" என்றார். அந்தக் குறைத்த விலையைத்தான் நான் பாதியாக்கியிருந்தேன்.

என் செருப்பு வாவியோடு போய்விட்டது. அறுத்த வயலின் தாளடி காலைக் கிழித்துவிடும், ஏறுங்கள் என்றார். கண் தெரியாத குதிரை என்று தெரிந்தே ஏற வேண்டும். ஏறினேன். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பேச ஆரம்பித்தார். இப்போதுதான் நான் கேட்டேன். "இந்தா வரம்பு வருகுது, காலத் தூக்கு மனே. வலக்கைப்பக்கம் குழி. இனி வட்டை, மண் இளக்கமா இருக்கும், பாத்து." வட்டை என்பது அங்கே வயல்வெளி. ஒவ்வொரு சொல்லுக்கும் குதிரை காலை மாற்றி வைத்தது. வயல்வெளி முழுவதையும் அவர் அதற்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நச்சரிப்பு என்று நினைத்தது அதன் கண்.

விடைபெறும்போது அவர் முதலில் கேட்ட காசுக்கு மேல் கொடுக்கப் போனேன். பேசின காசே போதும் என்று அவர் வாங்க மறுத்துவிட்டார்.

ஊருக்கு வந்த பிறகும் நான் பேரம் பேசுவதை விடவில்லை, பிழைப்பு அதுதான். தண்ணீரில் பட்ட பயம் சில வாரங்களில் தெளிந்துவிட்டது. ஆனால் கேட்க மாட்டேன் என்று நான் கையைக் காட்டி நிறுத்திய அந்த ஒரு வாக்கியத்தில் என் உயிரும் அந்த வாயில்லா ஜீவனின் உயிரும் இருந்தன என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்று நின்றுதான் மறுபடி அடிக்கிறது.