வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்

மரகதம் அக்காவை வாசலில் காத்திருக்க வைத்துவிட்டுப் போனது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் ஸ்கூடாயில் மேடை ஏறிப் பேசினீர்களே... அந்த நீங்கள்தான்.

வாரா வாரம் என்னைப் படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒரு மண்டபம். 'வேலையை விட்டேன், வாழ்க்கையைக் கண்டேன்' என்று பெரிய பேனர். பேச்சாளர் சிங்கப்பூரில் ஒரு பன்னாட்டு கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். வேலையை உதறிவிட்டு நேப்பாளம், லாவோஸ் என்று சுற்றி, மலைக் கிராமத்துப் பள்ளிக்குச் சாயம் பூசி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். நன்றாகத்தான் பேசினார். என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு திரையில் ஒரு படம் வந்தது. காரின் முன் சீட்டில் மரகதம் அக்கா. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இவர். கீழே 'என் சேவை தொடங்கிய இடம்' என்று எழுதியிருந்தது.

கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை.

மரகதம் அக்கா உலு திராமில் என் பக்கத்து வீட்டுக்காரர். கணவர் இல்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரே மகள் ஷாலினி. விடியும் முன்னே பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிறவள். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். மாலைதான் கையில் கிடைக்கும்.

அக்காவை டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தவர் பாக் டின். எங்கள் குடியிருப்புத் தாமானிலேயே இருக்கும் மலாய்க்காரர். பழைய வேன். வாடகைக்கு ஓட்டுகிறவர். சிடுமூஞ்சி. ஆனால் தவறாமல் வருவார்.

அப்போதுதான் நம் மேனேஜர் வேலையை விட்டுவிட்டு வந்தார். சேவை செய்ய வேண்டும், யாருக்காவது உதவி வேண்டுமா என்று கோயில் வாட்சாப் குழுவில் கேட்டார். யாரோ அக்காவைக் காட்டிவிட்டார்கள். புதுக் கார், ஏர்கோன், பைசா வேண்டாம். யார் வேண்டாம் என்பார்? பாக் டின்னுக்கு அக்கா நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். அவரும் வேறு தாமானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில மாதம் இவர் ஒழுங்காக வந்தார். அக்கா சந்தோஷமாக இருந்தார். டயாலிசிஸ் நாளில் பவுடர் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "என் டிரைவரு பெரிய மேனேஜரு லா" என்று தெருவில் எல்லோரிடமும் பெருமை.

ஒருநாள் என் காதுபடக் கேட்டார்: "மேனேஜர் தம்பி, நெசத்த சொல்லுங்க. நீங்க வேலைய விட்டீங்களா, வேலை உங்கள விட்டுச்சா?"

அவர் சிரித்தார். "நான்தான் விட்டேன் கா. மனசுக்கு அர்த்தமா எதையாவது செய்யணும்னு."

"அர்த்தமா? நான் ரத்தம் கழுவப் போறதுல உங்களுக்கு என்னா தம்பி அர்த்தம்?"

நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அன்று மாலை வாட்சாப் குழுவில் அறிவிப்பு வந்தது: 'நாளை நேப்பாளம். வாழ்த்துங்கள் நண்பர்களே.' ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மையை அனுப்பினார்கள். அக்கா அந்தக் குழுவில் இல்லை. அவரிடம் இருப்பது பொத்தானை அமுக்கிப் பேசும் போன். நானும் அந்தக் குழுவில் இல்லை.

வியாழக்கிழமை காலை அக்கா பையும் போர்வையுமாக கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கார் வரவில்லை. போன் போட்டார். எடுக்கவில்லை. மதியம் வரை இருந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மாலை ஷாலினி கேட்டபோது, "போயிட்டு வந்துட்டேன்மா" என்று பொய் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் மகள் லீவு போடுவாள், வேலைக்கே வேட்டு வரும் என்ற பயம்.

சனிக்கிழமையும் அதே நாற்காலி.

ஞாயிற்றுக்கிழமை மூச்சு விட முடியவில்லை. நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிழைத்தார். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. இன்றைக்குக் கட்டிலிலிருந்து கேட் வரை நடக்கவே ஆள் பிடிக்க வேண்டும்.

வார்டில் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கா? நான் எம்.சி. லீவு போட்டுட்டு வந்திருப்பேனே."

"தாப்பா லா தம்பி, போவட்டும். அவரு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ஜாம்ல மாட்டியிருப்பாரு, ஒடம்பு சரியில்லாம இருப்பாருன்னு நெனச்சேன்."

"ரெண்டாவது தடவையும் வரலைன்னா கோவம் வராதா?"

"சும்மா வந்து ஏத்திக்கிட்டுப் போற மனுசன். அவர எப்படிக் கோவிக்கிறது?"

இதுதான் என்னைக் குத்துகிறது. பாக் டின் வராமல் இருந்திருந்தால் அக்கா அவர் வீட்டு வாசலில் நின்றே திட்டியிருப்பார். வாடகை வாங்குகிறவரைத் திட்டலாம். இலவசமாக வருகிறவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்க வாய் வருமா? சேவை செய்கிறவருக்கு இந்த வசதி இருக்கிறது. வந்தால் புண்ணியம்... வராவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லை.

ஸ்கூடாய் கூட்டத்தில் கேள்வி நேரம் வந்தது. கையைத் தூக்கினேன். "நேரமாயிருச்சு ஐயா, டீ குடிச்சிட்டே பேசிக்கலாம்" என்றார் நிகழ்ச்சி நடத்தியவர். சரி என்று டீ மேசைக்குப் போனேன்.

"மரகதம் அக்கா ஆஸ்பத்திரியில கெடந்தது தெரியுமா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "எப்பண்ணே?"

"நீங்க நேப்பாளம் போன அதே வாரம். வாசல்ல உங்களுக்காக உக்காந்திருந்தாங்க."

"நான்தான் சொல்லிட்டுப் போனேனே அண்ணே."

"என்னான்னு சொன்னீங்க?"

"எறக்கி விட்டுட்டு, வர்றேன் கான்னு சொன்னேன். அவங்களும் சரி தம்பி, வாங்கன்னு சொன்னாங்க."



மலாய்க்காரர் கிளம்பும்போது 'பெர்கி டூலு' என்பார். நான் போகிறேன் என்று நேராகவே அர்த்தம். நாம் மட்டும் போகும்போது வர்றேன் என்கிறோம். போறேன் என்று சொன்னால் அபசகுனமாம். நிற்கிறவரும் வாங்க என்று வழியனுப்புவார். இந்த ஊரில் எல்லாத் தமிழ் வீட்டு வாசலிலும் தினமும் நடப்பதுதான். இவர் வழக்கப்படி விடைபெற்றார். அக்காவோ அதை வியாழக்கிழமைக்குக் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டார். வழக்கமாக வருகிற ஆள் சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

அதற்குள் இரண்டு பேர் வந்து செல்ஃபி எடுக்க அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். "பிறகு பேசுறேண்ணே" என்றார். இன்று வரை பேசவில்லை.

வேலையை விட்டதைக் குற்றம் சொல்லவில்லை. விடுங்கள். ஊர் சுற்றுங்கள். அது உங்கள் வாழ்க்கை. ஆனால் ஒருவர் உயிர் உங்களை நம்பி ஓட ஆரம்பித்த பிறகு அதுவும் ஒரு வேலைதான். ஆபீசை விடும்போது முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்திருப்பீர்கள். பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருப்பீர்கள். கேக் வெட்டியிருப்பார்கள். கம்பெனிக்குக் கொடுத்த மரியாதை இந்த அம்மாவுக்கு இல்லையா?

ஷாலினியும் வேலையை விட்டுவிட்டாள். அர்த்தம் தேடி இல்லை, அம்மாவைக் கொண்டுபோக ஆள் தேடிக் கிடைக்காமல். இப்போது உலு திராமில் ஒரு மினி மார்க்கெட்டில், டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மட்டும் கல்லாவில் உட்காருகிறாள். அவளுக்கு யாரும் பேனர் கட்டவில்லை.

"மேனேஜர் அங்கிள் நெனச்சா நாளைக்கே திரும்ப வேலைக்குப் போவலாம்" என்றாள் போன வாரம். "என்னைய மறுபடி எடுக்க மாட்டாங்க அங்கிள்."

ஐயா மேனேஜர், அக்காவுக்குத் தனியாகப் போன் போட்டு மன்னிப்புக் கேட்காதீர்கள். அவர் உடனே மன்னித்துவிடுவார். உங்களுக்கு அது ரொம்ப வசதி. ஊர் கூட்டிப் பேசியவர் ஊர் பார்க்கவே பதில் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருகிறேன். உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்: குழுவில் இருந்த அத்தனை பேரிடமும் நாளைக்குக் கிளம்புகிறேன் என்று சொன்ன நீங்கள், உங்கள் காரை நம்பி உயிரை வைத்திருந்தவரிடம் மட்டும் ஏன் அதைச் சொல்லவில்லை?