பீச்சாங்கைக்காரியின் நிரை

சிகாமட்டுக்கு வடக்கே, ரயில்பாதையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், 1926-ஆம் வருசம் பூராவும் ஒரு கூத்து நடந்தது. டிக்கெட் கிடையாது, தினம் ஒரு ஆட்டம். விடிந்தும் விடியாமலும், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மணி அடிப்பார்கள். ஆட்கள் வந்து வரிசை கட்டுவார்கள். பால்மரம் சீவுகிறவர்கள் ஒரு பக்கம், புல்வெட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம். பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற தண்டல் ஐயாசாமி வருவார். சீவுகிறவர்களின் வரிசையில் கடைசி ஆளாக, கையில் பால் சுமக்கிற ஒரு காலி வாளியோடு, வெள்ளையம்மா நிற்பாள். அவளோ புல்வெட்டுக்காரி.

“ஏ புள்ள, உன் வரிசை அங்க.”

“தெரியுங்க தண்டலய்யா. நாளைக்கு இங்கதான நிக்கப்போறேன், இன்னிக்கே நின்னு பழகிக்கிறேன்.”

வரிசை மொத்தமும் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் புல்வெட்டு வரிசைக்குப் போய்விடுவாள். மறுநாள் மறுபடியும் அதே வாளி, அதே இடம். மானம் ரோசம் உள்ளவளாக இருந்தால் ஒரு வாரத்தில் விட்டிருப்பாள் என்று ஆட்கள் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ரோசம் இருந்ததால்தான் விடவில்லை என்பது அந்த மூளைகளுக்கு எட்டவில்லை.

விசயம் இதுதான். வெள்ளையம்மாவுக்கு எல்லாமே இடதுகை. சேலம் பக்கத்தில் பிறந்தபோதே அப்படி. அம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிப் பார்த்தாள், கரண்டியால் அடித்துப் பார்த்தாள். கடைசியில் சோறு மட்டும் வலதுகைக்கு வந்தது, மற்றதெல்லாம் இடதிலேயே நின்றுவிட்டது. கல்யாணம் முடிந்து புருசன் செல்லப்பனோடு கப்பலேறி வந்து, தோட்டத்தில் முதல் நாள் மரம் சீவுகிற உளியைத் தூக்கினாளோ இல்லையோ, தண்டல் பாய்ந்து வந்து பிடுங்கினார்.

“பீச்சாங்கையால தொட்டா மரம் பால் குடுக்காது! பட்டை செத்துப்போவும். போ, போய்ப் புல்லு வெட்டு!”

நாலு வருசம் புல் வெட்டினாள். சீவுகிறவர்களுக்கு மரநிழல் உண்டு, மதியத்தோடு வேலை முடிந்துவிடும். புல்வெட்டுக்கு மாலை வரை மண்டை பிளக்கிற வெயில். ஆனால் வெயில் அவளுக்குப் பெரிதில்லை. பிறந்ததிலிருந்து உருப்படாத கை என்று பேர் வாங்கிய கை. அது உருப்படும் என்று அவளுக்குத் தெரியும். அதை இந்தத் தோட்டமே பார்க்கவேண்டும். நெஞ்சில் இருந்தது அவ்வளவுதான்.

முந்தின வருசத் தீபாவளி அன்று, எண்ணெய் தேய்த்த தலையோடு லயத்து வாசலில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள்: “அடுத்த தீபாவளிக்கு முந்தி எனக்குன்னு ஒரு நிரை, சீவறதுக்கு ஒரு வரிசை மரம். எம்பேர்ல.”

“நடக்கிற காரியத்தப் பேசு லா,” என்றான் செல்லப்பன். “வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்.”

“உள்ளயே வெச்சிருந்தா எனக்கே மறந்துரும். நாலு பேரு கேலி பண்ணிட்டே இருந்தா மறக்காது பாருங்க.”

மறுநாளே வாளி வாங்கினாள். அதைத் தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொண்டாள். நடக்கும்போதே கணக்குப் போடுவாள்: இந்த மரத்துக்கு இத்தனை நேரம், அடுத்த மரத்துக்கு இத்தனை எட்டு. கேட்டால், “நான் பால்வெட்டுக்காரி, நிரைதான் இன்னும் வரல,” என்பாள்.

பங்குனியில் தண்டலுக்குப் பொறுமை போய்விட்டது. “அலமாக்! தெனம் இந்த மூஞ்சியப் பாக்க முடியல. பத்து மரம், மூணு நாளு. பால் வரலேன்னா வாளியத் தூக்கி ஆத்துல போட்டுரணும்.”

வெள்ளையம்மா பத்து மரத்தையும் கும்பிட்டுவிட்டு, இடதுகைக்கு வாகாக எப்படி வருமோ அப்படிச் சீவினாள். கோடு நேர்த்தியாக விழுந்தது. ஆனால் மூன்று நாளும் பால் சொட்டுகிற மங்குக் கிண்ணத்தில் பாதிதான் நின்றது. பக்கத்து மரங்களில் மங்கு நிரம்பி வழிய, இவள் மரங்கள் மட்டும் கஞ்சத்தனம் செய்தன.

“பாத்தியா? நான் சொன்னேனா இல்லியா?” தண்டல் இடுப்பில் கைவைத்து நின்றார். இடது மணிக்கட்டில் தழும்பு பளபளத்தது. புகைவீட்டில் ரப்பர் காயப்போடும்போது சுட்டது என்று அவர் எல்லாரிடமும் சொல்லுகிற தழும்பு.

அன்றைக்கு அவள் லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். செல்லப்பன் சோற்றைக் கொண்டுவந்து வைத்தான், தொடவில்லை. ஊரே சேர்ந்து சொன்னது நிஜம்தானோ என்ற பயம் முதல்முறையாக அவளைப் பிடித்தது. அந்த ஒரு நாள்தான். காலையில் வீங்கிய கண்ணோடு, வாளியோடு, அதே வரிசையில் போய் நின்றாள். ஆற்றில் போடவில்லை. அன்று யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு புல் வெட்டும்போது அவள் கண் மண்ணில் இல்லை, மரத்தில் இருந்தது. ஒவ்வொரு மரமாகப் பார்த்தாள். ஊரார் சீவிய கோடெல்லாம் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கியது. அவள் போட்ட கோடு? வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்கியது! கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாமே திருப்பி. நோய் விழுந்து, வெட்டிச் சாய்ப்பதற்காகச் சுண்ணாம்பு பூசிய மரங்கள் ஓடைக்கரையில் நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், ஒரே மரத்தில் முன்னால் ஊர்க்கோடு, பின்னால் தன் கோடு போட்டு, இரண்டு மங்கு வைத்துக் காத்திருந்தாள். ஊர்க்கோட்டு மங்கு நிரம்பியது. மற்றது பாதி.

“கையில்ல குத்தம்! கோடு! கோடுதான்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். செல்லப்பன் பாம்புதான் கடித்துவிட்டது என்று பதறிப்போனான்.

இப்போது புதுச் சிக்கல். மற்றவர்கள் மேலிருந்து கீழே இழுத்துச் சீவுவார்கள். அதே கோட்டை இடதுகையால் போட்டால் உளி மரத்துக்குள் போய்க் காயம் பண்ணும். கீழிருந்து மேலே தள்ளிச் சீவினால்தான் கை ஒத்துவரும். அதற்கு உளியின் வளைவு மாறவேண்டும். சிகாமட் டவுனில் உளி அடிக்கிற சீனக் கிழவரிடம் போனாள்.

“பீசாவ் கிரி,” என்று இடதுகை உளி கேட்டு, அந்தக் கையை ஆட்டிக் காட்டினாள்.

“மானா அடா!” அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று கிழவர் விரட்டினார். அவள் போகவில்லை. கரித்துண்டால் தரையில் படம் போட்டாள். வெறுங்கையால் காற்றைச் சீவிக் காட்டினாள். கிழவர் பார்த்தார், தலையைச் சொறிந்தார், உலையை ஊதினார். மூன்றாவது உளி சரியாக வந்தது.

ஆறு மாசம், ஞாயிறு தவறாமல், சுண்ணாம்பு மரங்களில் பழகினாள். முதலில் காயம், அப்புறம் சின்னக் காயம், அப்புறம் வெறும் பட்டை மட்டும் காகிதமாய் உரிந்தது. தினமும் பெரட்டில் வாளியோடு நிற்பதையும் விடவில்லை.

ஐப்பசி பிறந்தது. கனகராஜ் குடும்பம் தெப்ராவ் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட, அவர்கள் சீவிய பதினேழாம் நிரை காலியானது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது.

“தண்டலய்யா, அதே பத்து மரம். பால் வரலேன்னா இனிமே இந்த வரிசைப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்.”

அவர் முறைத்தார். மற்றவர்கள், “விடுங்கய்யா, பாக்கலாம்,” என்றார்கள். வருசம் பூராவும் கேலி பண்ணிய அதே வாய்கள்.

மூன்று நாளும் பத்து மங்கும் நிரம்பின. மூன்றாம் நாள் காலை தண்டல் தனியாக வந்தார். பால் வந்தால் போதாது, பட்டையில் காயம் இருந்தால் ஒரே வார்த்தையில் கதை முடிந்துவிடும். மரம் மரமாக விரலால் தடவினார். வெள்ளையம்மா கூடவே நடந்தாள். பத்தாவது மரத்தில் நின்றார்.

“ஒரு காயம் இல்ல,” என்று மரத்திடம் சொன்னார். “அந்த உளியக் குடு.”

வலதுகையில் பிடித்துப் பார்த்தார். சரிப்படவில்லை. இடதுகைக்கு மாற்றினார். பிறகு நடந்தது அவருக்கே தெரிந்து நடந்ததா என்று வெள்ளையம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அந்தக் கை மரத்துக்குப் போனது, கீழிருந்து மேலே ஒரே ஓட்டம். பட்டை நூலாய்ச் சுருண்டு விழுந்தது. பின்னாலேயே பால் கசிந்தது. ஆறு மாசம் பழகிய அவளுக்கே அவ்வளவு மெல்லிசாக வந்ததில்லை.

தண்டல் தன் இடதுகையைத் திருப்பிப் பார்த்தார்.

“புகைவீட்டுல சுட்டதில்ல இது,” என்றார் தழும்பைக் காட்டி. “ஏழு வயசுல எங்காத்தா வெச்ச சூடு. பீச்சாங்கைய மறக்கறதுக்கு.”

வெள்ளையம்மாவுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. “அப்புறம் ஏன்யா என்னைய வருசம் பூரா வெரட்டுனீங்க?”

“நீ வாளியத் தூக்கிட்டு வந்து நிக்கிறப்பல்லாம் இந்தக் கை துடிக்கும். எனக்கு இல்லாதது இவளுக்கு எதுக்குன்னு வயித்தெரிச்சல். வேற என்னா?”

உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். நிரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் பெரட்டு. வெள்ளையம்மா வழக்கமான இடத்தில் நின்றாள். தண்டல் வருவது தெரிந்ததும், பழக்கதோசம், கால் தானாகப் புல்வெட்டு வரிசைக்கு நடக்க ஆரம்பித்தது.

“ஏ புள்ள, எங்க போற? உன் வரிசை அங்க,” என்றார் ஐயாசாமி. சீவுகிறவர்களின் வரிசையைக் காட்டிய கை இடதுகை. “பதினேழாம் நிரை. வெள்ளையம்மா.”

செல்லப்பன் சத்தமாகச் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வெள்ளையம்மா அழவில்லை. வாளியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, தன் இடத்தில் நின்றாள்.