ஹமீது பாயைச் சுற்றிப் போன பைப்பு

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நின்றுகொண்டு, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிளக்கவில்லை. டைல்ஸ் புதுசு, நல்ல தரம்.

எனக்கு எதிரே கடை முதலாளி ஹமீது பாய். அவருக்குப் பின்னால் சுவர். சுவரில் எங்கள் கம்பெனி அப்போதுதான் மாட்டி முடித்திருந்த தண்ணீர் பைப்புகளும் கேஸ் பைப்பும். எல்லாம் ஒழுங்காக நேராக வந்தன. நடுச்சுவரில் திடீரென்று மேலே ஏறின. ஒரு ஆள் உயரத்துக்கு மேல் போய், வளைந்து, அந்தப் பக்கம் இறங்கி, எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி நேராகப் போயின.

“தங்கச்சி, இது என்ன வாசல்?” என்று கேட்டார் பாய். “இதுக்குள்ள யாரு வரப்போறா?”

நியாயமான கேள்வி.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என் புலம்பலைப் படிக்கிறவர்களுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரியும். புதிதாக வந்து மாட்டிக்கொண்டவர்களுக்காக: சுபாங் ஜெயாவில் ஒரு சின்ன ஆபீஸ். அங்கே ‘பிம்’ வேலை. அதாவது, ஒரு கட்டடத்துக்குள் ஓடப்போகிற பைப்பு, வயர், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் முதலில் கம்ப்யூட்டருக்குள் அச்சு அசலாகப் பொருத்திப் பார்ப்போம். எதுவும் எதிலும் இடிக்கவில்லையா? அந்த மாடல் அப்படியே ஜெஞ்சாரோமில் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அவர்கள் மாடலில் உள்ள அளவுக்கே வெட்டி, வளைத்து, இரும்பு பிரேமில் பூட்டி, லோரியில் அனுப்புவார்கள். இங்கே சுவரில் மாட்டினால் வேலை முடிந்தது.

“சைட்ல ஒரு வெட்டு கூட இருக்காது பாய். மில்லிமீட்டர் சுத்தமா வந்து உக்காரும்” என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். ஒரு தடவை இல்லை. பார்க்கும்போதெல்லாம். வாய் சும்மா இருந்தால்தானே?

வந்து உட்காரத்தான் செய்தது. மில்லிமீட்டர் சுத்தமாக. அந்த வாசல் உட்பட.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்ததும் கடை திறப்பு. கிள்ளானிலிருந்து சொந்தபந்தம், பழைய கடையின் வாடிக்கையாளர்கள், பள்ளிவாசலிலிருந்து பெரியவர்கள் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. துஆ ஓதி முடித்ததும் சுடச்சுட ரொட்டி சானாய் வீசிக் கொடுக்க வேண்டும் என்பது பாயின் ஆசை. அதற்கு முன்னால், காலை ஒன்பது மணிக்கு கேஸ் லைனைச் சோதிக்க ஒரு ஆபீசர் வருகிறார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாத மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு என்ன பேர்? நாற்காலிக் கடை.

வெளியே போய் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அந்தோணி. மாடல் வரைகிறவர். நிதானமான ஆள்… எனக்கு நேர் எதிர்.

“அந்தோணி, பிரிக்பீல்ட்ஸ் கடையில பைப்பு ஏன் வளைஞ்சு போகுது?”

“தண்ணி டாங்கி இருக்குல்ல மேடம், அதுக்காக.”

“எந்த டாங்கி?”

“அங்க ஏற்கெனவே இருக்கிற டாங்கி. எடுக்கக்கூடாது, சுத்திப் போங்கன்னு நீங்கதானே எழுதுனீங்க?”

கடைக்குள் எட்டிப் பார்த்தேன். டாங்கி இல்லை. டாங்கி இருந்த அடையாளமும் இல்லை.

நடந்தது இதுதான். பழைய கடைவீடுகளுக்கு வரைபடம் கிடைக்காது. கிடைத்தாலும் அதில் இருப்பது வேறு, கட்டியிருப்பது வேறு. அதனால் லேசர் ஸ்கேன் எடுப்போம். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு பெட்டி சுற்றிச் சுற்றி, கண்ணில் படுவதை எல்லாம் லட்சக்கணக்கான புள்ளிகளாகப் பிடித்துவிடும். நடுவில் மனிதர்கள் நடந்தால் புகை மாதிரி ஒரு தீற்றல் விழும். அந்தோணி அதைத் துடைத்துவிடுவார்.

இந்த ஸ்கேனிலும் துடைத்தார். ஆனால் சுவரோரம் ஒன்று மட்டும் புகையாக இல்லை. கெட்டியாக இருந்தது. ஐந்தரை அடி உயரம், உருளை வடிவம், உச்சியில் தட்டையாகக் கறுப்பு மூடி. அவர் என்ன செய்வார் பாவம்? ஆபீஸ் வழக்கப்படி ஒரு படிவத்தில் எழுதிக் கேட்டார்: ‘கறுப்பு மூடி போட்ட டாங்கி, அகற்றலாமா?’

நான் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். என்னவென்று தெரியாத பொருளா? தொடாதே, சுற்றிப் போ. தொட்டு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? ஒரு கையில் மீன் குழம்பு, மறு கையில் போன். ‘இருக்கட்டும், சுற்றிப் போகவும்’ என்று தட்டிவிட்டேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஞாயிறுதோறும் நான் சர்ச்சுக்குப் போவது அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான். ஷட்டர் பாதி திறந்திருக்கும். குனிந்து ஒரே ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். ஆனால் கையில் மாடல் இருக்கும்போது கண் எதற்கு?

ஜெஞ்சாரோமிலிருந்து செல்வம் அண்ணே கூட அப்போதே கேட்டார். ஒர்க்‌ஷாப் அவர் பொறுப்பு.

“மேடம், கேஸ் பைப்பு ஏன் கெந்திங் மலை ஏறி இறங்குது?”

“அண்ணே, மாடல்ல என்ன இருக்கோ அதச் செய்ங்க.”

“சரி மேடம். மாடல்தான் பாஸ்.”

என்ன திமிர் பாருங்கள் எனக்கு.

துடைக்காத பழைய ஸ்கேனை அனுப்பச் சொன்னேன். அந்தோணி பார்த்தது கறுப்பு வெள்ளையில்; இது கலரில் வந்தது. கடைக்குள் திரும்பி வந்து, ஐபேடில் அந்த டாங்கியைப் பெரிதாக்கினேன். புள்ளிகள் ஒன்றுசேர்ந்தன. புது பூப்போட்ட பாத்தேக் சட்டை. நெஞ்சோடு ஒட்டிக் கட்டிய கைகள். நிமிர்ந்த தாடை. தலையில்… உச்சி தட்டையான கறுப்புத் தொப்பி, சொங்கோக்.

மூடி இல்லை. சொங்கோக்.

ஐபேடை மெதுவாக ஹமீது பாய் பக்கம் திருப்பினேன். என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் முகமோ மலர்ந்தது.

“அட, இதான் அந்த போட்டோவா? அன்னைலேருந்து கேக்குறேன், ஒருத்தன் ஒரு காப்பி தரல லா.”

“பாய்… ஸ்கேன் எடுக்கும்போது எல்லாரையும் வெளிய போகச் சொன்னாங்கல்ல?”

“சொன்னாங்க. எல்லாரும் போனாங்க. மொதலாளி இல்லாம கடைய மட்டும் என்னத்துக்குப் படம் எடுக்கணும்? ஆறு தடவ எடம் மாத்தி வச்சாங்க அந்த கேமராவ. ஆறு தடவையும் அதே எடத்துல வந்து நின்னேன். ஒரு இஞ்சு நவுரல.”

நம் ஆட்கள் கேமரா முன்னால் எப்படி நிற்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். நானூறு பேர், ஒருவர்கூட மூச்சு விட்டிருக்க மாட்டார். அந்த ஸ்கேனர் எத்தனையோ சைட்டுகளைப் பார்த்திருக்கும். இவ்வளவு அசையாத மனிதரைப் பார்த்திருக்காது.

லோரியோடு வந்திருந்த செல்வம் அண்ணே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விழுந்து விழுந்து சிரித்தார். “பாய், ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் அம்பது மில்லி எடம் விட்டுத்தான் செஞ்சேன். டாங்கியக் கழுவ கை போகணும்ல.”

அங்கேதான் பாய்க்கு விஷயம் புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னைய டாங்கின்னா எழுதுனீங்க?”

நான் ஐபேடை அணைத்தேன்.

“பரவால்ல. ஆனா நாளைக்கு இத்தன பேரு வராங்க தங்கச்சி. நான் இருவது வருசம் வாடகைக் கடையில ரொட்டி போட்டு, மொத மொதலா எனக்குன்னு வாங்குன கடை. நடுச்செவுத்துல இத வச்சுக்கிட்டு அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே.

செல்வம் அண்ணே எழுந்தார். “வெட்டி நேராக்கிடலாம் மேடம். ஆனா வெல்டிங், ப்ரெஷர் டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆபீசர் கையில குடுக்க முடியாது. சனிக்கிழமை ஆயிடும். வெட்டவா, வேணாமா?”

வெட்டினால் திறப்பு விழா போச்சு. வெட்டாவிட்டால் பாய் காலம் முழுக்க இந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதைச் சொல்வது? ‘தள்ளி வைங்க பாய்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து பழைய கடையிலிருந்து ரொட்டிக் கல் வந்து இறங்கியது. கூடவே ரொட்டி போடும் காதர். பாயிடம் பல வருடமாக இருக்கிறவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். அந்தக் கல் எங்கள் மாடலில் கிடையாது. ஏனென்றால் அது கடைக்காரர் பொருள், எங்கள் ஸ்கோப்பில் இல்லை. எங்கள் ஸ்கோப்பில் இல்லாத எதுவும் உலகத்திலேயே இல்லை என்பதுதான் எங்கள் கணக்கு.

நாலு பேர் தூக்கி வந்து, வாடிக்கையாளர் பார்க்கிற மாதிரி, சுவருக்கு முன்னால் கல்லை வைத்தார்கள். காதர் கல்லுக்குப் பின்னால் போனார். நேராக அந்த வளைவுக்குள் நுழைந்து நின்றார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரு ஈரத் துண்டை எடுத்து, மாவு வீசுகிற மாதிரி வீசிப் பார்த்தார். வலது முழங்கை பின்னால் போனது. வளைவுக்குள் தாராளமாகப் போய்த் திரும்பி வந்தது.

“பாஸ், நல்லாருக்கு” என்றார். “பின்னாடி எடம் விட்டுச் செஞ்சிருக்காங்க. அந்தக் கடையில பைப்பு இடிச்சு இடிச்சு, இந்தா பாருங்க.” முழங்கையில் காய்ப்பு.

எனக்குப் பொறி தட்டியது. டேப்பை எடுத்து அளந்தேன். வளைவு இல்லாமல் பைப்பு நேராகப் போயிருந்தால், பிரேமுக்கும் கல்லுக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரே ஒரு அடி. காதர் ஒரு அடிக்குள் அடங்குகிற ஆள் இல்லை. கல்லை முன்னால் தள்ளலாமா? தள்ளினால் வாசலில் ஆள் நுழைய முடியாது.

கேஸ் வாய் எங்கே? வளைவின் ஓரத்தில், கல்லிலிருந்து கை எட்டும் தூரத்தில்.

செல்வம் அண்ணே ரம்பத்தைக் கீழே வைத்தார். நானும் மூச்சு விட்டேன். பாய் காதரைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நான் ரொட்டி போடுற எடத்துலதான் போய் நின்னேன்” என்றார். “வேற எங்க நிப்பேன்?”

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீசர் வந்தார், சோதித்தார், கையெழுத்துப் போட்டார். தொழுகை முடிந்து கூட்டம் வந்தது. துஆ முடிந்ததும் காதர் மாவை வீச ஆரம்பித்தார். பாய் வந்தவர்கள் எல்லாரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வளைவைக் காட்டினார். “என்னைய நிக்க வச்சு அளவெடுத்துச் செஞ்சது. கம்ப்யூட்டர்ல.” டாங்கி பற்றி அவர் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. பருப்புக் கறியோடு மூன்று ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அந்தோணி என் மேசைக்கு வந்தார். வேலை முடிந்ததும் கடைசி வரைபடம் ஒன்று கொடுக்க வேண்டும்.

“மேடம், டாங்கிய அழிச்சுட்டேன். ஆனா அந்த வளைவுக்கு ஒரு காரணம் போடணுமே. என்ன எழுத?”

யோசித்துப் பார்த்தேன். வால்வைத் திருப்பக் கை நுழைகிற இடம் விடுவோம். பில்டரைக் கழற்ற இடம் விடுவோம். நாள் முழுக்க அங்கேயே நிற்கப் போகிறவருக்கு?

“‘ரொட்டி போடுபவர் நிற்கும் இடம்’னு எழுதுங்க” என்றேன்.

பதினோரு வருட சர்வீஸில், மாடலுக்குள் ஒரு மனிதருக்கு நான் இடம் விட்டது இதுதான் முதல் தடவை… அதுவும் டாங்கி என்று நினைத்து.