கிணற்று மீன்களோடு பூனாவுக்கு

மகளுக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது. இன்னும் என் கை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பூனாவுக்கு ரயிலேறும் முன் தாராவியில் ஒரு கிணற்றடியில் தண்ணீர் கேட்கிறோம். கிணற்றுக்குள் நகத்தளவு மீன்கள் ஓடுகின்றன.

“குடிக்கிற தண்ணியில மீனா?” என்கிறேன், இறைத்துக்கொண்டிருக்கும் திருநெல்வேலிப் பெண்ணிடம்.

“பாசிய கொசுப்புழு திங்கும், புழுவ மீனு திங்கும். மீன அள்ளிட்டா கொசு நம்மளத் திங்கும்லா, அண்ணாச்சி.”

சுத்தம் செய்கிறேன் என்று பூனாவில் எங்கள் வீட்டுக் கிணற்று மீன்களையெல்லாம் அள்ளிக் கொட்டியவன் நான். அதைச் சொன்னதும், “படிச்சவுகல்லா” என்று சிரிக்கிறாள். எங்கள் தண்ணீர் பாட்டிலில் பத்து மீன் பிடித்துப் போட்டு, வழிச்சாப்பாட்டுக்கென்று பழைய தகர டப்பாவில் தேங்கிய தண்ணீரிலிருந்து கொசுப்புழுவும் சேர்க்கிறாள்.

கல்யாண் ஸ்டேஷன் வருவதற்குள் மகள் பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறாள்.

“ஒரு புழு பாக்கி இல்லப்பா.”

நெற்றிக்குப் போன என் கை அவள் முதுகைத் தட்டுகிறது.